ரிக் பத்திரத்துக்குள் தறி எப்படி வந்தது

போன வாரம் தினேஷ் என் கைப்பேசிக்கு ஒரு படிவம் அனுப்பினான். என்னிடம் ஜூனியராக இருந்தவன். இப்போது சேலத்தில் சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிறான். அதற்கு ஒரு இணையதளம் திறக்கிறானாம். ஆலோசகர் என்று என் பெயரையும் போடப் போகிறானாம். படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று ‘தொழில் பின்னணி’, மற்றொன்று ‘வழக்காடிய துறைகள்’. “ரெண்டு ரெண்டு வரி போதும் மேடம்” என்று கீழே எழுதியிருந்தான்.

முதல் கட்டம் சுலபம். பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் சேலம். அப்பா ஒரு அச்சகத்தில் அச்சுக் கோத்தவர். சட்டம் படித்தேன், பதிவு செய்துகொண்டேன், சேலத்திலேயே கோட்டு மாட்டினேன், சென்ற வருடம் கழற்றினேன். பெண்ணுக்குக் குடும்ப நீதிமன்றம்தான் சரி என்று கோயிலுக்கு வருகிற அத்தனை அத்தைமார்களும் சொன்னார்கள். எனக்கோ அடுத்தவர் வீட்டுச் சண்டையைவிட அடுத்தவர் பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்தான் ஆசை. அதனால் வியாபார வழக்குகளுக்குப் போனேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

இரண்டாவது கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஒப்பந்தச் சட்டம், கூட்டு வணிகச் சட்டம் என்று எழுதிவிடலாம்தான். ஆனால் என் மேசைக்கு எந்தச் சட்டமும் நடந்து வந்ததில்லை. வந்ததெல்லாம் ஜவ்வரிசி, லாரி பாடி, முட்டைக்கோழி, விசைத்தறி, ரிக் வண்டி. ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொடவேண்டும் என்பது என் சீனியர் நமச்சிவாயம் சாரின் கட்டளை.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வரைவை வாசிக்கும்போது அவர் உட்காரமாட்டார். ஜன்னலோரம் நின்று, ஒரு மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குவார். கடைசிப் பக்கத்தில் தொடங்கி முதல் பக்கத்துக்கு வருவார். “முதல் பக்கத்த எல்லாருமே ஒழுங்காத்தான் எழுதுவாங்க. கடைசிக்கு வரும்போதுதான் கை அசந்துபோகும்” என்பார். சந்தேகம் வந்தால் ஸ்கேல் நின்றுவிடும். “இந்த வரி யாருக்காகம்மா?” என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அடித்துவிடுவார். சரியாக இருந்தால் ஒரு வார்த்தையும் வராது, ஸ்கேல் அடுத்த வரிக்கு நகரும். அதுதான் பாராட்டு. முடிந்ததும் வரைந்தவர் கடைசிப் பக்கத்தின் இடது மூலையில் சுருக்கொப்பம் இடவேண்டும். யார் எழுதியது என்று நாளைக்குத் தெரியவேண்டுமாம்.

அவரிடம் இருந்த காலம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் ஸ்கேல் நின்ற இடத்தில் பென்சிலால் ‘நன்று’ என்று எழுதினார். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நாலு தடவை சொன்னேன். எந்த வரிக்காக எழுதினார் என்பது மட்டும் பிறகு எனக்கு மறந்துவிட்டது. பாராட்டைத்தானே மனது வைத்துக்கொள்கிறது?

தனியாக வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வழக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து வந்தது. சொன்ன மாதிரி பாடி கட்டவில்லை என்று லாரிக்காரர் வண்டியை எடுக்க மறுத்தார். “ஒப்பந்தம் எங்கே?” என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

“அதா, அங்க கெடக்குதுங்க” என்று தரையைக் காட்டினார்.

சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பாடியின் படம் முழுசாக வரைந்திருந்தது. நீளம், உயரம், பலகையின் கனம், எல்லாம் அளவோடு. இரண்டு பேரும் குனிந்து நின்று பேசிப் பேசி வரைந்ததாம். ஒரு மூலையில் லாரிக்காரரே தன் கையால் ஒரு கோட்டை அழித்துத் திருத்தியிருந்தார். அந்தப் பட்டறையில் ஒப்பந்தம் என்றால் அதுதான். வண்டி வெளியே போனதும் கூட்டிவிடுவார்கள். நான் கூட்டவிடவில்லை. நீதிமன்றத்தில் மனுப் போட்டு, ஆணையர் ஒருவரை அழைத்து வந்து தரையைப் பதிவு செய்ய வைத்தேன். அவர் வந்து சேரும்வரை பட்டறைக்காரர்கள் சுவரோரமாக, ஒற்றைக் காலில் தாவித் தாவித்தான் நடந்தார்கள். அந்த வழக்குக்குப் பிறகுதான் எனக்குப் பெயர் வந்தது. தரையையே சாட்சிக்குக் கூப்பிட்ட வக்கீலம்மா என்று கிண்டலாகச் சொல்வார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையெல்லாம் இறங்கியது பூங்கொடி வந்தபோது.

பூங்கொடி திருச்செங்கோட்டுக்காரர். கணவர் செல்வராசு, உறவிலும் பழக்கத்திலும் நெருங்கிய இரண்டு பேரோடு சேர்ந்து ரிக் வைத்திருந்தார். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. எங்கள் பக்கத்து ரிக்குகள் வடக்கே எங்கெங்கோ போய்த் துளை போடும். ஆட்கள் மாதக்கணக்கில் ஊருக்கு வரமாட்டார்கள். அப்படிப் போன இடத்தில் செல்வராசு மாரடைப்பால் இறந்துபோனார். கருமாதி முடிந்த மறுவாரமே பூங்கொடி மஞ்சள் பையில் பத்திரத்தோடு என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“நான் பார்ட்னரா உள்ள போகோணுமுங்க” என்றார். “அவரு இருக்கையிலயே பாதி வேலைய நாந்தான் பாத்தேன். எந்தப் பாறைக்கு எந்த ட்ரில் பிட்டு போடோணும்னு சொல்லுவேன், இங்கிருந்து சாமான் ஏத்தி உடுவேன், மேனேஜரு எனக்குத்தான் போன் பண்ணுவாரு. இப்ப போய்க் கேட்டா, பத்திரத்துல உனக்கு எடமில்லீங்கறாங்க. பங்குக்கு உண்டானத வாங்கிட்டு ஒதுங்கிக்கோணுமாமுங்க.”

“அதை வாங்கிக்கொண்டால் என்ன?” என்று கேட்டேன். கட்சிக்காரருக்கு எது வேண்டும் என்று தெரியாமல் வழக்கு எடுக்கக்கூடாது.

“வாங்கிட்டு ஊட்டுல உக்காந்து என்னத்தப் பண்றதுங்க? எனக்குத் தெரிஞ்ச தொழிலு இது ஒண்ணுதான். நாளைக்கு எம் பொண்ணு கேட்டா, உங்கப்பன் கட்டுன கம்பெனியில எனக்கு எடமில்லன்னு சொல்லச் சொல்றீங்களா?”

பத்திரத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். அந்த ஷரத்து இருந்தது. பார்ட்னர் ஒருவர் இறந்தால் ‘அன்னாரின் ஆண் வாரிசைச் சேர்த்துக்கொண்டு’ கூட்டு தொடரும். பூங்கொடிக்கு ஒரே மகள். பிளஸ் டூ படிக்கிறாள். ஆண் வாரிசு கிடையாது. பார்ட்னர்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

அதற்கு மேல் வரியில் என் விரல் நின்றது. ‘மேற்படி கூட்டு நிறுவனத்தின் தறிகளுக்கான எண்ணெய், நாடா முதலிய பராமரிப்புகளை நிறுவனமே செய்துகொள்ளும்.’

நான் சிரித்துவிட்டேன். பூங்கொடி சிரிக்கவில்லை. “ஏனுங்க, எங்க ரிக்குல தறி எங்கீங்க இருக்குது?”

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வழக்குக்கு உதவுமா என்றுகூட அப்போது யோசிக்கவில்லை. தரைக்கு அடியில் நூற்றுக்கணக்கான அடி துளைபோடும் வண்டியின் பத்திரத்துக்குள் தறி எப்படி நுழைந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

பத்திரத்தை எழுதிய எழுத்தரைத் திருச்செங்கோட்டில் தேடிப்போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “நானா எதையும் எழுதறதில்லைங்க. நாமக்கல்லுல ஒரு லாரி கம்பெனி பத்திரம் கைக்குக் கெடச்சுது. லாரிங்கற எடத்துல ரிக்குன்னு போட்டேன். மத்ததெல்லாம் அப்படியேதானுங்க” என்றார். கொஞ்சமும் கூச்சமில்லை. லாரிக் கம்பெனிக்குப் போனேன். அவர்கள் பத்திரத்திலும் தறிக்கு எண்ணெய் இருந்தது. அவர்களுக்கு அது ராசிபுரத்தில் ஒரு ஆடிட்டர் கொடுத்த மாதிரியாம். ஆடிட்டர் அலுவலகத்தில் விசாரித்தால், வெண்ணந்தூரில் ஒரு தறிக்காரருடைய பத்திரத்தைப் பார்த்து எழுதியது என்றார்கள். படியெடுத்தவர்கள் எல்லோரும் தொழிலின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். தறி வரியை யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை. ‘ஆண்’ என்ற சொல்லும் அந்த வரிக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராக வந்திருக்கிறது.

வெண்ணந்தூர் தறிக்காரர் மாரப்பனுக்கு வயது எழுபதுக்கு மேல். தறிச் சத்தத்தில் காது மந்தம். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு காக்கி உறையைக் கொண்டுவந்தார். பத்திரமும் அதன் வரைவும் சேர்ந்தே இருந்தன. பழக்கத்தில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். இடது மூலையில் சுருக்கொப்பம். அது என்னுடையது.

மேலே பார்த்தேன். ‘வாரிசு’ என்ற சொல்லுக்கு முன்னால், வரிக்கு மேலாக, என் கையெழுத்தில் ‘ஆண்’ என்று சொருகியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ‘நன்று’.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. வெறும் ‘வாரிசு’ என்று இருந்தால் எந்த வாரிசு என்று நாளைக்குச் சண்டை வரும், ஒரு சொல் சேர்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. சாரின் ஸ்கேல் நின்றது. அந்த வரி யாருக்காக என்று அவர் அன்று மட்டும் கேட்கவில்லை. நானும் ஒரு பெண் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மாரப்பனிடம் கேட்டேன். “ஆண் வாரிசு என்று எழுதச் சொன்னது நீங்களா?”

“நான் எதுக்குங்க சொல்றேன்? எனக்கு மூத்தது பொண்ணுங்க. இப்ப தறிக்குடோன் பூராம் அவதான் பாத்துக்கறா. பையன் வேலைக்குப் போயிட்டான்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பத்திரத்த யாருங்க படிக்கறாங்க, சாமி? பீரோவுல வெச்சா வெச்சதுதான்” என்றார்.

சேலத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை. என் எதிரே உட்கார்ந்து ‘உங்கப்பன் கம்பெனியில் எனக்கு இடமில்லை என்று சொல்லவா’ என்று கேட்டவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதே நான்தான்.

இனி இரண்டு வழிகள்தான். காக்கி உறையைப் பார்க்காததுபோல் வழக்கை வேறு விதமாக நடத்தலாம். அல்லது அந்தச் சொல் எப்படி வந்தது, அதை யாரும் கேட்டு எழுதவில்லை என்று நானே சாட்சி சொல்லலாம். சாட்சி சொல்லும் வக்கீல் அதே வழக்கில் வாதாட முடியாது, வக்காலத்தை விடவேண்டும். ஊரெல்லாம் தெரிந்துபோகும். நான் எழுதிய பத்திரங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பீரோக்களில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் எடுத்துப் பார்ப்பார்கள்.

பூங்கொடியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்களா எழுதுனீங்க?”

“நான்தான்.”

“பொம்பளையா இருந்துட்டுமா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எழுந்து வாசல்வரை போனார். போய்விடுவார் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்து, “அப்ப நீங்களே வந்து சொல்லுங்க. உங்க ஜூனியரு பேசட்டும்” என்றார். அந்தக் குரலில் மன்னிப்பு எதுவும் இல்லை. அதை நான் எதிர்பார்க்கவும் கூடாது.

பத்திரப்படி தகராறு நடுவரிடம் போகவேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடுவராக வந்தார். நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில் விசாரணை. எதிர்த் தரப்பில் மூத்த பார்ட்னர் பெரியசாமி, பூங்கொடிக்கு மாமா முறை. கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். பத்திரம் சொன்னபடி நடக்கிறோம் என்று உண்மையாகவே நம்பினார். இன்னொரு பார்ட்னர் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்.

தினேஷ் என்னை விசாரித்தான். வெண்ணந்தூரிலிருந்து திருச்செங்கோடு வரை அந்த வரிகள் வந்த வழியைச் சொல்லி, ஒவ்வொரு பத்திரத்தின் நகலையும் மேசைமேல் வைத்தேன். எதிர்த் தரப்பு வக்கீல் எனக்குப் பழைய நண்பர். எழுந்து ஒரே கேள்வி கேட்டார். “நீங்களே ஒரு பெண். பிறகு ஏன் அந்தச் சொல்லைச் சேர்த்தீர்கள்?”

“சீனியரிடம் நல்ல பேர் வாங்க” என்றேன்.

நண்பர் உட்கார்ந்துவிட்டார்.

தேநீருக்கு எழுந்தோம். அப்போது பூங்கொடியின் போன் அடித்தது. வடக்கே வேலையில் இருந்த ரிக்கின் மேனேஜர். பூங்கொடி நடையில் நின்று பேசினார். ஆனால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, எங்கள் எல்லோருக்கும் கேட்டது. துளைக்குள் ராடு மாட்டிக்கொண்டதாம்.

“இழுக்காதீங்க, இழுக்காதீங்க. கம்ப்ரசர் காத்த நிறுத்திப்போடாதீங்க. மெதுவா சுத்தி மட்டும் பாருங்க… ஆமா, நான் லைன்லயே இருக்கறேன்.”

கையில் டம்ளரோடு பெரியசாமி எழுந்து நடைக்குப் போனார். “அம்மிணி, எத்தன அடியில மாட்டிக்கிச்சாம்?”

“முந்நூறு தாண்டிட்டுதாமுங்க மாமா. மண்ணு சரிஞ்சிருக்கும் போல.”

“கேசிங் பைப்பு எது வரைக்கும் எறக்கியிருக்குதுன்னு கேளு.”

இருவரும் ஒரு போனுக்கு மேல் குனிந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பூங்கொடி, “அசையுதாமுங்க” என்றார். பெரியசாமி பெருமூச்சு விட்டார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

விசாரணை மறுபடி தொடங்கியதும் நடுவர் பெரியசாமியைப் பார்த்துக் கேட்டார்.

“உங்கள் கம்பெனியில் தறி எத்தனை?”

“தறி ஏதுங்க அய்யா? ரிக்குதானுங்க.”

“பத்திரத்தில் தறிக்கு எண்ணெய் போடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே?”

“அது எழுத்தரு எழுதுனதுங்க. நாங்க அதப் பாக்கலீங்க.”

“அடுத்த வரியைப் பார்த்தீர்களா?”

பார்த்தோம் என்று பெரியசாமி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் சாட்சியம் எவ்வளவு தூரம் நின்றிருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் பூங்கொடியைப் பார்த்தார், அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“அதையும் பாக்கலீங்க அய்யா” என்றார். பிறகு தன் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தாமல், “புதுசா ஒண்ணு எழுதிக்கறோமுங்க. அம்மிணி பேரையும் சேத்து” என்றார்.

அந்தச் சமரசத்தையே நடுவர் தீர்ப்பாக எழுதினார்.

செய்தி பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. நினைத்தது போலவே பழைய கட்சிக்காரர்கள் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிலர் கோபமாக, சிலர் வேடிக்கை பார்க்க. மேச்சேரியிலிருந்து ஒருவர், தன் மாவு மில் பத்திரத்தில் ரிக் இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று கேலி செய்தார். எல்லாவற்றையும் வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். தொழிலை விடும்வரை என் வேலையில் பாதி, நான் சேர்த்த ஒரு சொல்லைத் தேடித்தேடி எடுப்பதாகவே இருந்தது. இன்னும் எத்தனை பீரோக்களில் இருக்கிறதோ. தினேஷ், உன் இரண்டாவது கட்டத்தில் போட எனக்குத் தோன்றுவது இது ஒன்றுதான்.

முதலில் திருத்திய பத்திரம் பூங்கொடியுடையது. மூன்று பார்ட்னர்களும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். நான்தான் எழுதவேண்டும் என்று சொன்னவர் பெரியசாமி. எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும் என்று சொன்னவர் பூங்கொடி. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, மூன்று பேரும் தலையாட்டிய பிறகே அடுத்த வரிக்குப் போனேன். ‘அன்னாரின் வாரிசு’ என்று படித்தபோது பூங்கொடி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“அதுக்கு மேல ஒரு வரி இருந்துதுங்களே?”

“தறி வரியா? அதை எடுத்துவிட்டேன்.”

“அது இருக்கட்டுமுங்க வக்கீலம்மா” என்றார் பூங்கொடி. “அந்த வரி இல்லாட்டி நான் இங்க உக்காந்திருக்க மாட்டேனுங்க.”

பெரியசாமி முதலில் விழித்தார். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டு, “இருக்கட்டும், இருக்கட்டும். எண்ணெய்தான, போட்டுக்கலாம்” என்றார்.

தறி வரியைப் பழைய இடத்திலேயே மறுபடியும் எழுதினேன். நமச்சிவாயம் சார் உயிரோடு இருந்து அந்தப் பத்திரத்தைப் பார்த்திருந்தால், ஸ்கேல் அங்கே நிச்சயம் நின்றிருக்கும். “இந்த வரி யாருக்காகம்மா?” என்று கேட்டிருப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் பூங்கொடியைக் காட்டியிருப்பேன்.